தூரத்துச் சர்வரும் வீண் கேள்விகளும்: என்எஃப்எஸ் கிளையண்டைச் சரிசெய்த பதிவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பம் ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறது. எடிட்டிங் கணினியில் டெபியன் லினக்ஸ், படம் திருத்த டார்க்டேபிள், கோப்புகள் மொத்தமும் வீட்டில் இருக்கும் சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (தூரத்துக் கோப்புகளை நெட்வொர்க்கில் தரும் முறை) வழியாக வருகின்றன. கடையில் ஒரு முறை பூட்டை உடைத்ததிலிருந்து வட்டுகளை அங்கே வைக்க அண்ணனுக்கு மனமில்லை. கடை வரிசைக்குப் பின்னால் ஒரு துண்டுச் செம்பனைத் தோட்டம், அதைத் தாண்டி வீடு, இரண்டு கூரையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி வயர்லெஸ் பெட்டிகள். காலையில் டார்க்டேபிளைத் திறந்தால் படங்கள் வந்து நிற்க இரண்டே கால் நிமிடம். சாயங்கால மழையில் மட்டைகள் நனைந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கும் மேல். இதைச் சரிசெய்ய எங்கெங்கே பார்த்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி தூரத்துச் சர்வரோடு தவிக்கிறவர்களுக்கு உதவும்.

ஐந்து நிமிடம் காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். கல்யாண ஆல்பம் என்றால் காத்திருக்கலாம்தான். ஆனால் எங்களிடம் தோட்டத்துப் பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. 1950களின் கடைசியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்துக் குடும்பப் படங்கள், லயத்து வாசலில் நிற்கும் கல்யாணக் கூட்டம், மூடிப்போன தோட்டப் பள்ளிகளின் வகுப்புப் படங்கள், துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய ரசீதுகள் வரைக்கும் ஆட்கள் கொண்டுவந்து கொடுக்க, அண்ணி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். பேரப்பிள்ளை மோட்டாரில் ஏற்றிக் கூட்டிவரும் பாட்டி ஒருவர், “எங்க பள்ளிக்கூடத்துப் படம் இருக்கா தம்பி, அதுல எங்க அக்கா நிக்கும்” என்று கேட்டுவிட்டு கடை முன் நடைபாதையான அஞ்சடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க எனக்கு இஷ்டமில்லை.

வயர்லெஸ் போட்டுக் கொடுத்த இடத்தில் கேட்டதற்கு, பெட்டிகள் பழசு, புதுசு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும், இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். அண்ணன் சம்மதிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். “ஒரு நாள் பொறுங்கண்ணே, முதலில் அளந்து பார்ப்போம்” என்றேன். ஏனென்றால் பெரிய கோப்பு ஒன்றை இழுத்தால் நொடிக்கு ஆறு மெகாபைட் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதே இணைப்பில், டார்க்டேபிள் திறக்கும் அந்த இரண்டே கால் நிமிடமும் போக்குவரத்து நொடிக்கு நூறு கிலோபைட்டைக்கூடத் தொடவில்லை. வீட்டுச் சர்வரின் சிபியு தூங்குகிறது, கடைக் கணினியின் சிபியுவும் தூங்குகிறது, வட்டு விளக்கு அசையவில்லை, ஆனாலும் எல்லோரும் காத்திருக்கிறோம். ஒரு சின்னச் செய்தி சர்வருக்குப் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் போட்டால் ஆறு மில்லி விநாடி. மழையில் பதினைந்து. இந்த எண்தான் முக்கியம் என்று அப்போதே பட்டது. உப்பு வாங்க ஒரு நடை, புளி வாங்க ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று சந்தைக்குப் போய்வந்தால் சாலை எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. நடையைத்தான் குறைக்க வேண்டும்.

நடை எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். என்எஃப்எஸ் 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் உருவானது. கோப்பு தூரத்தில் இருந்தாலும் உள்ளூர்க் கோப்பு மாதிரியே தெரிய வேண்டும் என்பது அதன் குறிக்கோள். உள்ளூர் வட்டில் ஒரு புரோகிராம் கோப்பின் அளவு, கடைசியாக மாறிய நேரம், உரிமையாளர், அனுமதி இதையெல்லாம் கேட்பதற்குச் செலவே கிடையாது, அதனால் எல்லா புரோகிராமும் யோசிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். என்எஃப்எஸ்ஸில் அந்த ஒவ்வொரு கேள்வியும் கெட்அட்டர் என்கிற கோரிக்கையாகக் கம்பியில் போய்வரக்கூடியது. அப்படிப் போகாமல் இருக்க கிளையண்ட், அதாவது கேட்கிற கணினி, பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் இயல்பாக, கோப்பு என்றால் குறைந்தது 3 விநாடி, அதிகம் 60 விநாடி. ஃபோல்டர் என்றால் 30 முதல் 60 வரை. ஒரு கோப்பு மாறவில்லை என்று மறுபடி உறுதியாகும்போதெல்லாம் அந்தக் காலம் இரட்டிப்பாகும். 3, 6, 12 என்று ஏறி 60இல் நிற்கும், மாறியது தெரிந்தால் திரும்ப 3க்கு வந்துவிடும். இது தவிர, ஒரு கோப்பைத் திறக்கும்போது கட்டாயம் சர்வரிடம் ஒரு தடவை சரிபார்க்கும். ஒருவர் எழுதி மூடிய கோப்பை இன்னொருவர் அதற்கப்புறம் திறந்தால் புதிய உள்ளடக்கம் கிடைக்க வேண்டும் என்பது என்எஃப்எஸ் தருகிற உறுதி.

சரி, அப்படி நினைவில் வைத்திருந்தால் இவ்வளவு நடை ஏன்? மவுண்ட், அதாவது சர்வரின் பகிர்வைக் கடைக் கணினியில் மாட்டியது, எப்படி ஆகியிருக்கிறது என்று பார்க்க என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை ‘எம்’ குறியோடு ஓட்டினேன். விருப்பங்களின் வரிசையில் நோஏசி என்று நின்றது. அதாவது, எந்த விவரத்தையும் நினைவில் வைக்காதே, ஒவ்வொரு தடவையும் சர்வரையே கேள். கூடவே எழுதுவதும் ஒவ்வொன்றாக வட்டில் ஏறும்வரை காத்திருக்கும். முதலில் இதை அமைத்துக் கொடுத்த டெக்னீஷியன் போட்டது. அவர் காரணமில்லாமல் போடவில்லை. அண்ணி கவுண்டர் கணினியில் ஸ்கேன் செய்து போடும் படம் எடிட்டிங் கணினியில் அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது என்று அப்போது புகார் வந்திருக்கிறது, நோஏசி போட்டதும் உடனே தெரிந்திருக்கிறது, விஷயம் அதோடு முடிந்தது. ஃபோல்டர் விவரம் 30 முதல் 60 விநாடி வரை பழசாக இருக்கலாம் என்பதன் நேரடி விளைவுதான் அந்தப் புகார். ஒரு சின்ன ஃபோல்டரின் தேவைக்காகப் பல வருடச் சேகரிப்பு முழுவதும் நினைவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் எண்ணிக்கையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பலித்ததா இல்லையா என்று மனசு சொல்வதை நம்ப வேண்டியிருக்கும். ப்ராக் அடைவில் செல்ஃப் என்பதற்குக் கீழே மவுண்ட்ஸ்டாட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு மவுண்டுக்கும், ஒவ்வொரு வகைக் கோரிக்கையும் எத்தனை தடவை போனது, எத்தனை பைட், எவ்வளவு நேரம் என்று லினக்ஸின் மையமான கர்னலே எழுதி வைத்திருக்கும். அதை மனிதர் படிக்கிற மாதிரி காட்டுவதற்கு மவுண்ட்ஸ்டாட்ஸ் என்ற அதே பெயரில் ஒரு கட்டளை, என்எஃப்எஸ்-காமன் பொதியோடு வரும். டார்க்டேபிளைத் திறப்பதற்கு முன் அந்தக் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்தேன், திறந்து முடித்ததும் ‘சின்ஸ்’ விருப்பத்தில் அந்த நகலைக் கொடுத்தேன். இடையில் நடந்தது மட்டும் வந்தது.

பெயரை வைத்துக் கோப்பைத் தேடும் லுக்அப் ஐந்தாயிரத்து ஐந்நூறு, கெட்அட்டர் பதினாறாயிரத்து ஐந்நூறு, எல்லாம் சுற்று வட்டமாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் போகும்போது இருநூறு சொச்சம் பைட், வரும்போதும் அதே அளவு. சராசரியாகப் போய்வந்த நேரம் ஆறு மில்லி விநாடி, மொத்தச் செயல்பாட்டு நேரமும் கிட்டத்தட்ட அதேதான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது: மொத்த நேரம் போய்வரும் நேரத்தைவிட ரொம்ப அதிகமாக இருந்தால் கிளையண்டிலேயே வரிசை கட்டி நிற்கிறது என்று அர்த்தம், இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதைதான் நேரத்தைத் தின்கிறது. இருபத்திரண்டாயிரத்தை ஆறு மில்லி விநாடியால் பெருக்கினால் 132 விநாடி. பதினைந்தால் பெருக்கினால் 330. கடிகாரம் பார்த்த நேரத்தோடு அப்படியே பொருந்தியது. புதுப் பெட்டி மாட்டி நொடிக்கு அறுபது மெகாபைட் வந்திருந்தாலும், போய்வரும் நேரம் குறையாவிட்டால் இந்தக் கணக்கில் ஒன்றும் மாறியிருக்காது.

டார்க்டேபிளில் இருக்கும் படங்களே ஐந்தாயிரத்து ஐந்நூறுதான், கேள்விகள் நான்கு மடங்கு. அதற்குக் காரணம் பாதை. படம் ‘சேகரிப்பு’, அதற்குள் வருடம், அதற்குள் நிகழ்ச்சி, அதற்குள் கோப்பு என்று இருக்கிறது. நோஏசி இருக்கும்போது ஒரு கோப்பைத் தொடுவதற்கு முன் வழியில் இருக்கும் மூன்று ஃபோல்டரும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றனவா என்று மூன்று கெட்அட்டர், அப்புறம் கோப்புக்கு ஒரு லுக்அப். அடுத்த கோப்பு அதே ஃபோல்டரில் இருந்தாலும் மறுபடி அதே மூன்று. புரோகிராமை மூடி உடனே திறந்தாலும் மொத்தம் மாறவில்லை, லுக்அப்பாக இருந்தவை கெட்அட்டராக மாறின, அவ்வளவுதான்.

கேட்பது யார் என்பதை மவுண்ட்ஸ்டாட்ஸ் சொல்லாது. ஒரு புரோகிராம் கர்னலிடம் கேட்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸ் வைத்து டார்க்டேபிளைப் பார்க்கலாம், ஆனால் வேறு யாராவது சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அது தெரியாது. அதனால் கர்னலின் ட்ரேஸிங் வசதியில் என்எஃப்எஸ்4 பிரிவிலுள்ள என்எஃப்எஸ்4_கெட்அட்டர் நிகழ்வை இயக்கிவிட்டு, ட்ரேஸ்பைப் கோப்பை வாசித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கேட்ட புரோகிராமின் பெயரும் எண்ணும் வரும், உள்ளே கோப்பின் அடையாளமான ஐநோட் எண் வரும். கடை அமைதியாக இருந்த மத்தியான நேரத்தில், யாரும் எதையும் தொடாதபோது, திரையில் வரிகள் கொட்ட ஆரம்பித்தன, தலையில் ஆர்சிங்க் என்று பெயர். மணிக்கொரு தடவை சேகரிப்பை இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட். பிரதி எடுக்கும் இரண்டு வட்டும் சர்வரில்தான் செருகியிருக்கின்றன, ஸ்கிரிப்ட் மட்டும் கடைக் கணினியில் ஓடியது. எல்லாக் கோப்பின் விவரத்தையும் வயர்லெஸ் வழியாகக் கேட்டு, மாறியவற்றை வயர்லெஸ் வழியாக இழுத்து, அதே வயர்லெஸ் வழியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சர்வருக்கே மாற்றினேன். உள்ளூர் வட்டில் சில விநாடியில் முடிகிறது. டியூனிங் எதையும் தொடுவதற்கு முன்பு, கேட்கிற ஆளை வட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள். இதற்கு இணையான வைத்தியம் வேறில்லை.

ஃபைல் மேனேஜரில் தூரத்து ஃபோல்டர்களுக்கும் சிறுபடம் காட்டச் சொல்லி இருந்தது. அதை உள்ளூர்க் கோப்புகளுக்கு மட்டும் என்று மாற்றியதும் அந்தத் தொல்லையும் ஓய்ந்தது.

மீதி டார்க்டேபிள். அது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பு எழுதி, செய்த திருத்தத்தை அதில் வைக்கும். தொடங்கும்போது அந்தத் துணைக்கோப்புகள் வெளியில் யாராலாவது மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது. ஒரே கணினியில் ஒரே ஆள் வேலை செய்கிறார் என்றால் அதை அணைத்துவிடுங்கள், இந்தப் பதிவின் மீதியே உங்களுக்குத் தேவைப்படாது. எங்களால் அணைக்க முடியவில்லை. அண்ணன் கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் தன் மடிக்கணினியில் கொஞ்சம் திருத்தி வைப்பார், அந்தத் திருத்தம் கடைக் கணினிக்குத் தெரிய வேண்டும். இந்த ஃபோல்டரை மட்டும் பார், அதை விடு என்று டார்க்டேபிளிடம் சொல்லவும் வழியில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான். என்எஃப்எஸ் வகுத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகவே தெரியும். 1995இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே ரீட்டிர்பிளஸ் என்று ஒரு கோரிக்கையைச் சேர்த்தார்கள்: ஃபோல்டரைப் பட்டியலிடும்போது பெயரோடு ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் சேர்த்தே அனுப்பிவிடு. நான்காம் பதிப்பில் ஃபோல்டரைப் பட்டியலிடும் சாதாரண ரீட்டிர் கோரிக்கையிலேயே எந்தெந்த விவரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். அதனால்தான் ஆயிரம் கோப்புள்ள ஃபோல்டரில், விவரத்தோடு பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையைப் போட்டால் ஆயிரம் கெட்அட்டர் போவதில்லை. கர்னல் புரோகிராம் போகிற போக்கைக் கவனித்து, இவர் பட்டியலை வாங்கிவிட்டு ஒவ்வொன்றின் விவரத்தையும் கேட்கப்போகிறார் என்று தெரிந்தால் மொத்தமாகவே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் டார்க்டேபிள் ஃபோல்டரைப் பட்டியலிடுவதே இல்லை. பாதைகள் எல்லாம் அதன் சொந்த எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கின்றன, அங்கிருந்து ஒவ்வொரு பாதையாக எடுத்து நேராகக் கேட்கிறது, ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்தது. கர்னலுக்கு இது ஃபோல்டர் வாசிப்பு என்று தெரிய வழியே இல்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு ஒன்று இருந்தும் அது வேலைசெய்கிற வாசல் வழியாக இந்தப் புரோகிராம் நுழைவதில்லை.

அப்படியென்றால் நாமே அந்த வாசலைத் திறந்து வைக்கலாம். டார்க்டேபிள் கேட்பதற்கு முன்னால் சேகரிப்பு முழுவதையும், உள் ஃபோல்டர்கள் வரை பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்ஆர்’ போட்டு வெளியீட்டைத் தூக்கி எறிந்தால், விவரங்கள் கட்டுக்கட்டாக வந்து கர்னலின் நினைவில் உட்காரும், அப்புறம் டார்க்டேபிள் கேட்கும்போது பதில் உள்ளூரிலேயே இருக்கும். ஆனால் அதற்கு அந்த நினைவு நிலைக்க வேண்டும். நோஏசியில் நிலைக்கவே நிலைக்காது, இயல்பான அமைப்பிலும் கோப்பு விவரம் 3 விநாடியில் காலாவதி. கால அளவை நீட்ட வேண்டும், நீட்டினால் அண்ணியின் ஸ்கேன் தெரியாமல் போகும். இந்த முடிச்சை அவிழ்க்க, எந்தக் கோப்பில் யார் எழுதுகிறார் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

‘சேகரிப்பு’ என்பது முடிந்த வேலைகள். அதில் எழுதுவது எடிட்டிங் கணினி ஒன்றுதான். வேறு யாரும் மாற்றாத கோப்பின் விவரத்தை ஒரு மணி நேரம் நினைவில் வைத்திருப்பதில் ஆபத்தில்லை, தான் செய்கிற மாற்றம் தனக்கு உடனே தெரியும், எழுதும் கோரிக்கையின் பதிலோடு புதிய விவரமும் சேர்ந்தே வந்துவிடும். ‘நடப்பு’ என்பது அண்ணி ஸ்கேன் போடுவதும் அண்ணன் மடிக்கணினியில் திருத்துவதும் நான் எடுப்பதும், மூன்று பேர் கை வைக்கிற இடம். ஆனால் அதில் எப்போதும் சில நூறு கோப்புகள்தான். ஆகவே சர்வரில் இரண்டையும் தனித்தனி பகிர்வாக, தனித்தனி வட்டுப் பிரிவிலேயே வைத்தேன். எடிட்டிங் கணினியில், எதை எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் சேகரிப்புக்கு ஆக்டிமியோ 3600. இது கோப்பு, ஃபோல்டர் இரண்டின் குறைந்த, அதிக அளவுகள் என நான்கு கால அளவையும் ஒரே எண்ணில், விநாடியில், வைத்துவிடும். நடப்புக்கு அந்த நான்கையும் தனித்தனியாக, ஏசிரெக்மின் 1, ஏசிரெக்மேக்ஸ் 3, ஏசிடிர்மின் 1, ஏசிடிர்மேக்ஸ் 3. இரண்டிலும் பதிப்பு 4.2. முடிந்த வேலையை நடப்பிலிருந்து சேகரிப்புக்கு நகர்த்துவது எடிட்டிங் கணினி மட்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கவுண்டர் கணினியில் சேகரிப்பை வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்திருக்கிறேன், இயல்பான கால அளவுகளோடு.

நோஏசியை எடுத்த பிறகு, முன்கூட்டி எதுவும் வாசிக்காமல், இயல்பான அளவுகளோடு ஒரு முறை அளந்தேன். லுக்அப் அதே ஐந்தாயிரத்து ஐந்நூறு, கெட்அட்டர் சில நூறு, மொத்தம் முப்பத்தைந்து விநாடி. நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது, ஆனாலும் மழையில் ஒன்றரை நிமிடம். அப்புறம் நீண்ட கால அளவோடு, முதலில் ‘எல்எஸ் -எல்ஆர்’ ஓட்டி, பிறகு டார்க்டேபிள். முன்வாசிப்பு இருநூறு சொச்சம் ரீட்டிர் கோரிக்கையில், நான்கு விநாடிக்குள் முடிந்தது. டார்க்டேபிள் திறந்த நேரத்தில் சேகரிப்புக்குக் கெட்அட்டர் ஒற்றை இலக்கத்தில். புரோகிராம் திறக்க அதற்கே ஆகும் சில விநாடி தவிர வேறு காத்திருப்பு இல்லை. மழையில் முன்வாசிப்பு கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறது, அதற்குப் பிறகு மழையா வெயிலா என்று வித்தியாசம் தெரியவில்லை. பெட்டி மாற்றும் பேச்சை அண்ணன் அதன் பிறகு எடுக்கவில்லை.

அண்ணிக்கு வந்த புதுச் சிக்கல் ஒன்று. ஸ்கேன் முடிந்ததும் ‘முடிந்தது’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு வைப்பது வழக்கம், அது வந்துவிட்டதா என்று எடிட்டிங் கணினியில் ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருக்கும். “நான் போட்டுட்டேன் தம்பி, அங்க வரலையா?” என்று கவுண்டரிலிருந்து குரல் வரும், ஸ்கிரிப்ட் இரண்டு மூன்று விநாடி இல்லை இல்லை என்றே சொல்லும். கிளையண்ட் இருக்கும் கோப்பை மட்டும் நினைவில் வைப்பதில்லை, இல்லாத கோப்பையும் ‘இல்லை’ என்று நினைவில் வைக்கும், ஃபோல்டர் விவரம் புதுப்பிக்கப்படும்வரை அந்த ‘இல்லை’ நீடிக்கும். நடப்பு மவுண்டில் லுக்அப்கேஷ் விருப்பத்தைப் பாசிட்டிவ் என்று வைத்ததும், இல்லை என்ற பதில்களை மட்டும் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் சரிபார்க்க ஆரம்பித்தது. சேகரிப்புக்கு இதைப் போடாதீர்கள். புரோகிராம்கள் இல்லாத கோப்பைத் தேடுவது நாம் நினைப்பதைவிட ரொம்ப அதிகம், அந்த ‘இல்லை’களை நினைவில் வைப்பது பெரிய மிச்சம்.

பலிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாசித்த நேரத்தைக் குறிக்காதே என்கிற நோஏடைம் போடு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். என்எஃப்எஸ் மவுண்டில் கிளையண்ட் பக்கம் அதைப் போட்டு ஒரு பலனும் இல்லை, வாசித்த நேரத்தைக் குறிப்பது சர்வரின் வேலை. போட வேண்டுமென்றால் சர்வரில் அந்த வட்டை மவுண்ட் செய்யும் இடத்தில் போடுங்கள். நோசிடிஓ, அதாவது திறக்கும்போது செய்யும் சரிபார்ப்பை விட்டுவிடு என்பது, மூன்றாம் பதிப்பில் வாசிக்க மட்டுமே உள்ள பகிர்வுக்கு உதவக்கூடியது. நான்காம் பதிப்பில் கோப்பைத் திறப்பதே சர்வருக்குப் போகிற ஒரு கோரிக்கை, விவரம் கேட்பதும் அதே கோரிக்கைக் கட்டில் சேர்ந்து போய் அதே பதிலில் வந்துவிடுகிறது, தனி நடை இல்லை. எங்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை, எடுத்துவிட்டேன். நான்காம் பதிப்பில் டெலிகேஷன் என்று ஒரு அருமையான ஏற்பாடும் இருக்கிறது. இந்தக் கோப்பை இப்போதைக்கு வேறு யாரும் மாற்றவில்லை, மாற்ற வந்தால் நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று சர்வர் கிளையண்டிடம் ஒப்படைக்கும், அதுவரை கிளையண்ட் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது கோப்பைத் திறந்தால்தான் கிடைக்கும். டார்க்டேபிளின் தொடக்கச் சோதனை எதையும் திறப்பதில்லை, விவரம் மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறது, அதனால் இங்கே அது கைகொடுக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் கைவிட்டோம். பெரிய ஆல்பத்தைச் சேகரிப்புக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க அடிக்கடி ‘எல்எஸ் -எல்’ போடுவது. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பின் மாறிய நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், கிளையண்ட் கையிலிருக்கும் எழுதாத பகுதியை எல்லாம் முதலில் சர்வருக்குத் தள்ளியாக வேண்டும். ஒவ்வொரு எட்டிப்பார்ப்பும் எழுதுவதை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறது. நகலெடுக்கும் புரோகிராமே காட்டும் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

நீண்ட கால அளவு வைத்தவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று: சர்வரில் நேராக உட்கார்ந்து சேகரிப்பில் எதையாவது மாற்றினால், உதாரணமாக பிரதியிலிருந்து ஒரு ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவந்தால், கடைக் கணினி ஒரு மணி நேரம் பழைய விவரத்தையே நம்பிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது கடைக் கணினியில் அந்த மவுண்டைக் கழற்றி மாட்டிவிடுங்கள். மாற்றம் அடிக்கடி வருகிற பகிர்வுக்கு இந்த அளவை வைக்கவே வைக்காதீர்கள், பல பேர் ஒரே கோப்பில் எழுதும் அலுவலகங்களில் இது தகவலைக் குழப்பிவிடும்.

கடைசியாக முன்வாசிப்பைத் தானியங்கி ஆக்கினேன். லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியில் சின்ன சர்வீஸ் ஒன்று, சேகரிப்பு மவுண்ட் ஆன பிறகுதான் தொடங்கும்படி ‘ரிக்வையர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார்’ வரியோடு, கூடவே ஐம்பது நிமிடத்துக்கு ஒரு தடவை அதையே ஓட்டும் ஒரு டைமர். அப்படி ஓடும்போது காலாவதியை நெருங்கும் விவரங்கள் புதுப்பிக்கப்படுகின்றனவா என்று மவுண்ட்ஸ்டாட்ஸில் பார்த்தேன். கால அளவு முடியாத ஃபோல்டரைக் கர்னல் தன் நினைவிலிருந்தே பட்டியலிட்டுவிடுகிறது, சர்வருக்கு ஒன்றும் போவதில்லை, ஆகவே புதுப்பிப்பும் நடப்பதில்லை. டைமரை எழுபது நிமிடமாக மாற்றினேன், இப்போது ஒவ்வொரு தடவையும் போய்வருகிறது, நடுவில் பத்து நிமிடம் விவரம் காலாவதியாகி நிற்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் யாராவது டார்க்டேபிளை மூடித் திறந்தால் பழைய காத்திருப்பில் ஒரு பகுதி திரும்புகிறது. அதனால் டார்க்டேபிள் ஐகானையே ஒரு ஸ்கிரிப்டாக மாற்றி, முதலில் முன்வாசிப்பு, முடிந்ததும் டார்க்டேபிள் என்று வைத்து, டைமரை எடுத்துவிட்டேன். கர்னல் பிடிக்கும் நினைவகத்தைக் காட்டும் ஸ்லாப்டாப் கட்டளையில் பார்த்தால் ஒரு கோப்புக்கு ஒரு கிலோபைட் சொச்சம் நினைவகம் பிடிக்கிறது. துணைக்கோப்புகளையும் சேர்த்துப் பதினோராயிரத்துக்கும் மேல் கோப்புகள், பன்னிரண்டு மெகாபைட் சுமார். எட்டு ஜிகாபைட் இருக்கும் கணினியில் அது ஒரு பொருட்டே இல்லை. சேகரிப்பு இன்னும் பல மடங்கு வளர்ந்தாலும் இதே அமைப்பு தாங்கும், அண்ணி இன்னும் ஒரு பெட்டி நிறைய ஸ்கேன் செய்யாத படங்கள் வைத்திருக்கிறார்.